ஹப்புக்கும் விலாசம் வேண்டும்

டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) எழுதிக் கொடுக்கும் பட்டியல். அதில் யூஎஸ்பிக்கு என்ன வேலை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஐ2சி என்ற இரண்டு கம்பித் தடத்தில் மாட்டிய சென்சார் தானாக வாய் திறக்காது. எந்த முகவரியில் இருக்கிறது என்று நாம்தான் கெர்னலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். யூஎஸ்பி அப்படியா? செருகிய உடனே வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி எல்லாவற்றையும் தானே ஒப்பித்துவிடும். யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு ஒரு நோடை (பட்டியலில் ஒரு பதிவை) எழுதி, ஸ்டேட்டஸை ‘ஓகே’ என்று போட்டால் முடிந்தது.

அப்புறம் ஒரு போர்டு வந்தது. அதில் யூஎஸ்பி2514 என்ற, ஒரு இணைப்பை நான்கு போர்ட்டாகப் பிரிக்கும் ஹப் சிப், போர்டிலேயே சால்டர் செய்தது. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்தால், கன்ட்ரோலரோடு சேர்ந்த ரூட் ஹப் மட்டும் தெரிகிறது. அரை நாள் கெர்னல் லாகைப் புரட்டிவிட்டு, கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து ஹப்பின் ரீசெட் பின்னில் வைத்தேன். பூஜ்யம் வோல்ட். சிப் ரீசெட்டிலேயே முடங்கிக் கிடக்கிறது. (இதை முதலிலேயே செய்திருக்கலாம்.)

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதைதான். ரீசெட்டை விட்டால்தான் ஹப் தன்னைக் காட்டும். காட்டினால்தான் டிரைவர் வந்து ரீசெட்டை விடும். முன்பெல்லாம் மின்சாரம் தரும் ரெகுலேட்டரை எப்போதும் ஆனில் வைப்பது, ஜிபிஐஓவை (மென்பொருள் ஏற்றி இறக்கும் பின்னை) ஹாக் (hog) செய்து பிடித்து வைப்பது என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். 2022-இல் லினக்ஸ் 6.0-இல் இதற்கென்றே ஒரு டிரைவர் வந்தது. கன்ட்ரோலருக்குக் கீழே ஹப்பின் நோட் இருந்தால், ஹப் கண்ணில் படுவதற்கு முன்பே அது பவரையும் ரீசெட்டையும் பார்த்துக்கொள்ளும்.

சரி, நோடை எழுதினேன். எந்தச் சிப் என்று சொல்லும் கம்பாட்டிபிள் வரியில் வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி: ‘யூஎஸ்பி0424,2514’. ஹப் அசையவில்லை. முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டு ‘யூஎஸ்பி424,2514’ என்றுதான் எழுத வேண்டுமாம். திருத்தினேன். அப்போதும் இல்லை. ரீசெட் ஆக்டிவ் லோ, அதாவது பின் பூஜ்யத்தில் இருந்தால்தான் சிப் முடங்கும். நான் ஹை என்று கொடுத்திருந்தேன். டிரைவர் ரீசெட்டை விடுவதாக நினைத்து, பின்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் மாற்றியதும் நான்கு போர்ட்டும் உயிர் பெற்றன.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஹப்பின் ஒரு போர்ட்டில் ஈதர்நெட் சிப் ஒன்றும் சால்டர் ஆகியிருந்தது. மேக் முகவரியை (நெட்வொர்க்கில் சாதனத்தின் அடையாள எண்ணை) நினைவில் வைக்கும் ஈப்ராம் அதற்குக் கிடையாது. கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர்தான் அதை டிவைஸ் ட்ரீயில் எழுத வேண்டும். ராஸ்பெர்ரி பை 3-இல் லேன்9514 சிப்புக்கு நடப்பதும் இதேதான். எங்கள் போர்டிலோ ஒவ்வொரு பூட்டுக்கும் புது மேக், புது ஐபி. டெஸ்டிங் தம்பி காலையில் குறித்து வைத்த ஐபி மதியம் வேலை செய்யாது. “அண்ணா, இன்னைக்கு என்ன நம்பர்?” என்று தினமும் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

பூட்லோடர் முகவரியை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. தப்பு, நோடில் ‘ரெக்’ என்ற வரியில். யூஎஸ்பியில் ரெக் என்றால் போர்ட் எண். அது 1-இல் தொடங்கும். எங்கள் ஸ்கீமாட்டிக்கில் போர்ட்களுக்கு 0 முதல் 3 வரை பெயர். படத்தில் 2 என்று இருந்ததை அப்படியே நான் 2 என்று எழுதினேன். சிப்புக்கு அது 3. ஒரு சாதனத்துக்கு நோடை ஒட்டும்போது கெர்னல் கம்பாட்டிபிளைப் பார்ப்பதே இல்லை, போர்ட் எண்ணைத்தான் பார்க்கிறது. வார்னிங்கும் வராது. பாவம், பென் டிரைவ் செருகும் போர்ட்டுக்கு இரண்டு வாரமாக ஒரு மேக் முகவரி இருந்திருக்கிறது.

அடுத்த ரிவிஷனில் ஹார்டுவேர்காரர்கள் எண்ணை 1-இல் தொடங்கினார்கள். ஆனால் இந்த முறை யூஎஸ்பி 3 ஹப். சிப் ஒன்றுதான், கன்ட்ரோலரின் கண்ணுக்கு உள்ளே இரண்டு ஹப்: 2.0-க்கு ஒன்று, 3.0-க்கு ஒன்று. ஆகவே இரண்டு நோட்கள், ஒன்றை ஒன்று ‘பியர் ஹப்’ என்று கைகாட்டிக்கொண்டு. ரிவ்யூவில் புதிதாகச் சேர்ந்த பெண் முதல் கமென்ட்டே போட்டிருந்தாள்: “சார், ஒரே சிப்பை ஏன் ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.