முதலில் வயிறு, அப்புறம்தான் ஜோடி

மாண்டரின் என்பது ஒரு சின்னக் கடல் மீன். முதல் மாண்டரின் என்னிடம் 23 நாள் உயிரோடு இருந்தது. 2022 செப்டம்பரில் சென்னைக் கொளத்தூரில் வாங்கினேன். வேளச்சேரி வீட்டில் நான்கடி ரீஃப் டேங்க் (பாறை அடுக்கிய உப்பு நீர்த் தொட்டி), சுமார் 250 லிட்டர், ஓட ஆரம்பித்து நாலே மாதம். "ஆர்ட்டீமியா போடுங்க சார், சாப்ட்டுக்கும்" என்றார் கடைக்காரர். உறைந்த ஆர்ட்டீமியா, அதாவது பொடி உப்பு நீர் இறால், மூக்குக்கு முன்னால் மிதந்து போவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அது பாறையைக் கொத்தப் போய்விடும். கொத்துகிறதே, எதையோ தின்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். அந்தப் பாறையில் கொத்துவதற்கு ஒன்றுமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வேளை நன்றாகத் தின்றுவிட்டு அடுத்த வேளைவரை சும்மா கிடக்கிற மீன் இல்லை இது. வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் ஊர்ந்துகொண்டே, பாறை இடுக்கில் இருக்கும் காப்பிபாட், ஆம்ஃபிபாட் போன்ற பொடிப் பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கொத்தும். "உங்க தாத்தா மாதிரிடா, நாள் பூரா கொறிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள் அம்மா. மயில்கழுத்துப் பட்டில் ஆரஞ்சுக் கோலம் போட்டது போன்ற உடம்பு. மற்ற மீன்களில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் ஒளிச்சிதறல் காட்டும் வித்தை; இதன் தோலில் இருப்பது நிஜமான நீல நிறமி. அந்த அழகில்தான் வயிற்றைப் பார்க்க மறந்துபோகிறோம். செத்த பிறகு பழைய போட்டோக்களைப் பார்த்தேன். பத்தாம் நாளிலேயே வயிறு உள்வாங்கியிருந்தது.

அதனால் அடுத்த கிட்டத்தட்ட ஒரு வருஷம் மீனே வாங்கவில்லை, பூச்சி வளர்த்தேன். கடலிலிருந்து உயிரினங்களோடு எடுத்த பவளப்பாறையை, அதாவது உயிர்ப்பாறையைப் போட்டால் இதெல்லாம் தானாக வரும். ஆனால் நம் கடலில் பவளத்தைப் பெயர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். என்னிடம் இருந்தது காய்ந்த பாறைதான், விதை வெளியிலிருந்துதான் வர வேண்டும். நண்பர் ஒருவர் ஒரு பாட்டில் டிஸ்பே என்ற வகைக் காப்பிபாட் கொடுத்தார். 20 லிட்டர் வாட்டர் கேன் இரண்டு, உப்பு நீர், நொடிக்கு ஒரு குமிழி வரும் அளவுக்குக் காற்று, தண்ணீர் லேசாகப் பச்சை தட்டும் அளவுக்கு நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி. அவ்வளவுதான் கல்ச்சர். முதல் கேனைப் பால்கனியில் வைத்தேன். மே மாத வெயிலில் ஒரே மதியத்தில் வெந்துபோனது. இரண்டாவதில் சீக்கிரம் பெருகட்டும் என்று பச்சையை அள்ளி ஊற்றினேன், தண்ணீர் நாறிவிட்டது. மூன்றாவது முறை கட்டிலுக்கு அடியில் வைத்து, பச்சை தெளிந்த பிறகே அடுத்த சொட்டு என்று பழகினேன். அது நின்றது. டேங்க் தண்ணீர் வடிகட்டப் போகும் துணைத் தொட்டியான சம்ப்பில் ஒரு தடுப்பு போட்டுக் கீட்டோ பாசியை வளர்த்து, வாரம் ஒரு குவளை காப்பிபாட்டை விளக்கு அணைந்த பிறகு அங்கேயும் பாறைக்குள்ளேயும் விட்டேன். பகலில் விட்டால் கிளவுன் மீன்களுக்குத்தான் விருந்து.

ராத்திரி டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடுகிற நிலை வந்த பிறகுதான், 2023 செப்டம்பரில், ஒரு பெண் மீன் வாங்கினேன். இந்தத் தடவை அதோடு நிற்கவில்லை. ஓடு நீக்கிய ஆர்ட்டீமியா முட்டைகளைத் தினமும் பொரிக்க வைத்தேன். நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரித்த கையோடு கொடுத்துவிட வேண்டும். நேரமாக ஆகக் குஞ்சு தன் மஞ்சள் கருவையே கரைத்துத் தின்றுவிடும், சத்து இறங்கிவிடும். அடுத்த சிக்கல், மாண்டரின் மெதுவாகத் தின்பது. மற்றவை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிடும். காலி ஊறுகாய் பாட்டிலைப் படுக்கப்போட்டு, காற்றுக் குழாய் வழியாக ஆர்ட்டீமியாவை அதற்குள் இறக்கினேன். நான்காம் நாள் பெண் மீன் உள்ளே புகுந்தது. அதன் பிறகு பாட்டிலை இறக்கும்போதே வந்து நிற்கும்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. பேட்டரி பம்ப் ஒன்று காற்றைப் பார்த்துக்கொண்டது. ஆர்ட்டீமியா பொரிக்க வழியில்லை. இருந்தும் மீன் மெலியவில்லை. பாறைக்குள் இருந்த இருப்பு காப்பாற்றியது என்றுதான் நினைக்கிறேன்.

ஜோடிக்கு வருவோம். ஆணுக்கு முதுகின் முதல் துடுப்பில் ஒரு முள் கொடி மாதிரி நீண்டிருக்கும். மடித்து வைத்திருந்தால் தெரியாது. அவசரத்தில் நான் இதில் ஏமாந்தேன், ஆனால் வேறு விதமாக. 2024 பிப்ரவரியில் "நல்ல ஆண்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். டேங்கில் விட்டு மூன்று வாரம் ஆகியும் துடுப்பு குட்டையாகவே இருந்தது. இரண்டாவது பெண். சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் பாட்டில் வாசலில் இருவருக்கும் தள்ளுமுள்ளு. வேறொருவர் வீட்டுக்கு அதை அனுப்பினேன். இரண்டு ஆண்களை விட்டிருந்தால் நிலைமை மோசம். ஒன்று மற்றொன்றைக் கடித்தே முடித்துவிடும். இப்போதெல்லாம் கடையில் மீன் துடுப்பை விரிக்கும்வரை அரை மணி நேரமானாலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மே மாதம் சரியான ஆண் கிடைத்தது, பெண்ணைவிடச் சற்றுப் பெரியது. துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் ஐந்து நாள் வைத்து, அதற்குள்ளேயே ஊட்டி, அப்புறம் திறந்துவிட்டேன். முதல் இரண்டு மாதம் ஒருவரை ஒருவர் சட்டையே செய்யவில்லை. பெண்ணின் வயிறு மேலிருந்து பார்த்தாலும் பக்கவாட்டில் புடைத்துத் தெரியத் தொடங்கிய பிறகுதான் ஆண் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தது. விளக்கை முக்கால் மணி நேரத்தில் படிப்படியாக மங்கும்படி வைத்தேன். அதுவரை பட்டென்று அணைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட்டில் ஒரு சாயங்காலம், நீல விளக்கு மட்டும் இருந்த நேரம், இரண்டும் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாறையிலிருந்து மெல்ல மேலே எழுந்தன. தண்ணீர் மட்டத்துக்கு அருகே ஒரு நொடி நின்று, சடாரென்று கீழே பாய்ந்தன. மகள் "அவ்வளவுதானாப்பா?" என்றாள்.

அன்று பம்பை நிறுத்த மறந்தேன், முட்டையெல்லாம் சம்ப்புக்குப் போய்விட்டது. நான்கு நாள் கழித்து மறுபடி எழுந்தபோது பம்பை அணைத்து, மேலே மிதந்த கண்ணாடித்துகள் மாதிரி முட்டைகளைக் கப்பில் மொண்டேன். மறுநாள் பொரிந்தன. அவ்வளவு பொடி வாய்க்கு ஆர்ட்டீமியாவே பெரிசு. கொடுக்க என்னிடம் ராட்டிஃபர் (அதைவிடப் பொடியான நுண்ணுயிர்) இல்லை. நான்காம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது கட்டிலுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கேன், ராட்டிஃபருக்கு.