நாலு மணி நேர மேடையும் அதோட போட்டோவும்

எங்க டெக்கரேஷன் தொழில்ல ஆடி மாசம்னா கல்யாணம் கிடையாது, நிச்சயதார்த்தம் கிடையாது, புது வீட்டுக்கு பால் காய்ச்சுறது கிடையாது, கையில இருக்கிறது குழந்தைங்க பர்த்டேவும் எப்பவாவது வர்ற ரிட்டயர்மென்ட் பார்ட்டியும்தான், அதனாலயே டெக்கரேட்டருங்களுக்கான மீட்டிங், ஒர்க்‌ஷாப் எல்லாத்தையும் ஆடியில இல்லேன்னா மார்கழியில வச்சுருவாங்க. தை மாசத்துல வச்சா ஒரு ஈ காக்கா வராதுனு நடத்துறவங்களுக்கு நல்லாவே தெரியும். அப்படித்தான் போன ஆடியில சென்னையில கிண்டி பக்கம் ஒரு ஹோட்டல்ல பார்ட்டி பிளான் பண்றவங்களுக்கும், அந்த பார்ட்டிய வச்சு ரீல்ஸ் யூடியூப்னு கன்டென்ட் போடுறவங்களுக்கும் சேர்த்து ஒரு கான்பரன்ஸ் நடந்துச்சு. நானும் கேக் பண்ற என் ஃப்ரெண்டும் மதுரையில பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி போனோம். கான்பரன்ஸ் டிக்கெட் காசு ஒரு சின்ன பர்த்டே ஆர்டர்ல நிக்கிற லாபத்த விட ஜாஸ்தி. வீட்டுக்காரர் வாயால ஒண்ணும் சொல்லல.

உள்ள போனதும் கழுத்துல மாட்ட டேக் குடுத்தாங்க, பிளானருக்கு பச்சை, கிரியேட்டருக்கு பிங்க். யாரும் சொல்லாமலே பச்சை டேக் எல்லாம் ஹாலுக்கு இடது பக்கம், பிங்க் டேக் எல்லாம் வலது பக்கம்னு உக்காந்துட்டாங்க, பொண்ணு வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி. சீர்வரிசைய வச்சு ஏதோ பிரச்சினை இருக்குனு அப்பவே தெரிஞ்சுச்சு.

காலையில கலர் டிரெண்டு பத்தி ஒரு அம்மா பேசினாங்க, பேஸ்டல்ங்கிற வெளிர் கலர் போகுது, டெரகோட்டாங்கிற செங்கல் கலர் வருதுனு. எங்க ஊருல அம்பது பேருல நாப்பது பேருக்கு இன்னைக்கும் கோல்டும் மெரூனும்தான் வேணும், அதனால அத அப்படியே விட்டுருவோம். அதுக்கு அடுத்து வந்த பலூன் டெமோதான் காசுக்கு மதிப்பு. அந்த மாஸ்டர் மேடையில பேசுனத விட கையில காட்டுனதுதான் அதிகம். பேஸ்டல் கலர் ஆழமா தெரியணும்னா ஒரு பலூனுக்குள்ள இன்னொரு கலர் பலூன வச்சு சேர்த்து ஊதுறது இருக்குல்ல, அது நம்ம எல்லாரும் பண்றதுதான், ஆனா உள்ள போற பலூன் எந்த கலர், வெளிய எந்த கலர்ங்கிறத மாத்தினா ஒரே பாக்கெட்ட வச்சு எத்தனை ஷேடு வரும்னு அட்டையில ஒட்டி வச்சிருந்தாரு. நான் எந்திரிச்சு கேட்டேன், சார் மதுரையில மே மாசம் மொட்டை மாடியில சாயங்காலம் பங்ஷன், மூணு மணிக்கு ஆர்ச் கட்டினா அஞ்சு மணிக்கு பட்டாசு மாதிரி வெடிக்குது, என்ன பண்றதுனு. அவரு சொன்னாரு, 12 இன்ச் பலூன 10 இன்ச்சுக்கே நிறுத்துங்க, உள்ள இருக்க காத்து சூடாகி விரிய இடம் வேணும், கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி டார்க் கலர் எல்லாம் வெயில இழுக்கும், அத நிழல் பக்கம் கொண்டு போங்க, அப்புறம் லேடெக்ஸ் ரப்பர் பால்ல பண்றது, வெயிலும் காத்தும் பட்டா மேல வெள்ளையா மங்கும், பளபளப்பு போச்சேனு பலூன் கம்பெனிய திட்டாதீங்கன்னாரு. கொலம்பியாவோட செம்பர்டெக்ஸ், இத்தாலியோட ஜெமார் எல்லாம் ஸ்டால்ல இருந்துச்சு, ஒரே சைஸ்ல ஊதி நிறுத்தலாம், கலரும் பாக்கெட்டுக்கு பாக்கெட்டு மாறல. விலைய பாத்துட்டு சவுகார்பேட்டை மொத்தக்கடை பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துரலாம்னு என் ஃப்ரெண்ட் காதுல சொன்னா.

கேஸ் பலூன பத்தி அவரு சொன்னத மட்டும் தனியா எழுதணும். மேல பறக்குற பலூன்ல ஹீலியம்தான் போடணும், அது தீப்பிடிக்காது, ஆனா விலை ஜாஸ்திங்கிறதால பல பேரு ஹைட்ரஜன நிரப்பி குடுத்துடுறாங்க, அது பக்கத்துல கேக் மெழுகுவத்தியோ, மேடையில பூவாணம் மாதிரி பொறி பறக்க விடுற கோல்ட் பைரோ மெஷினோ வந்தா முடிஞ்சது கதை. 2020ல சென்னையில ஒரு அரசியல் கட்சி நிகழ்ச்சியில பக்கத்துல பட்டாசு வெடிக்க, மொத்த பலூனும் நெருப்பு பந்தா ஆன வீடியோவ பாத்திருப்பீங்க. கஸ்டமருக்கு பறந்தா போதும், உள்ள என்ன கேஸ்னு அவங்க கேக்க மாட்டாங்க, நாமதான் சிலிண்டர பாத்து வாங்கணும்.

அப்புறம் பூ. காம்போட வெட்டுன பூவ குத்துற பச்சை ஸ்பாஞ்ச் இருக்கே, ஃப்ளோரல் ஃபோம், அது ஒரு வகை பிளாஸ்டிக்தான், மக்காது, பொடிப்பொடியா உதிர்ந்து தண்ணியில கலந்துரும், லண்டன்ல செல்சி பூக்கண்காட்சியில 2021ல இருந்து அத தடை பண்ணிட்டாங்கன்னு ஒரு செஷன். அதுக்கு பதிலா கம்பி வலைய சுருட்டி குத்தலாம்னு படம் போட்டு காட்டினாங்க. எனக்கு பின்னாடி உக்காந்திருந்த கும்பகோணத்து அண்ணன், எங்க அப்பா காலத்துல வாழைத்தண்டுலதான் குத்துனோம்னாரு, கைத்தட்டல்னா அப்படி ஒரு கைத்தட்டல். சரி, ஆனா வாழைத்தண்ட வச்சு வேலை பாத்தவங்களுக்கு தெரியும், தூக்க ரெண்டு ஆளு வேணும், சாறு வழிஞ்சு மேடை துணியில கறை பிடிக்கும், அந்த கறை எந்த சோப்புக்கும் போகாது, ஹால் மேனேஜரு நம்ம டெபாசிட்ல கைய வைப்பாரு. கீழ பாலித்தீன் விரிச்சா அப்புறம் எதுக்கு இந்த பேச்சுனு ஆயிரும். நான் இப்ப தாம்பூலத் தட்டு, வரவேற்பு மேஜை மாதிரி சின்ன வேலைக்கு மட்டும் வாழைத்தண்டு வைக்கிறேன், பெரிய மேடைக்கு கம்பி வலைதான். 2022 ஜூலை 1ல இருந்து பலூன் குச்சி பிளாஸ்டிக்ல கூடாது, டெக்கரேஷனுக்கு தெர்மாகோல் கூடாதுனு சட்டமே இருக்கு, ஆனாலும் பேரு கட்டவுட்டு தெர்மாகோல்லதான் வேணும், மரத்துல பண்ணா விலை ஏறுதுனு கேக்குறவங்க கிட்ட நாம என்னத்த சொல்ல.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எல்லாருக்கும் தூக்கம் கலைஞ்சுச்சு. செஷன் பேரு கொலாபரேஷன், அதாவது டெக்கரேட்டர் ஃப்ரீயா பண்ணி குடுக்க, பதிலுக்கு கிரியேட்டர் ரீல் போடுறது. பிங்க் டேக் போட்ட ஒரு பொண்ணு, நிறைய ஃபாலோயர்ஸ் வச்சிருக்கு, அழகா பேசுச்சு. என் வளைகாப்புக்கு ஒரு டெக்கரேட்டர் ஃப்ரீயா பண்ணி குடுத்தாங்க, நான் போட்ட ஒரே ரீல்ல அவங்களுக்கு எவ்வளவு ரீச் வந்துச்சு, எத்தனை பேரு பாத்தாங்க தெரியுமானு ஸ்கிரீன்ல காட்டுச்சு. இடது பக்கத்துல இருந்து கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் எந்திரிச்சு, கோவமே இல்லாம, "ஏனுங்க, இந்த ரீச்ச கொண்டுபோய் பூ மார்க்கெட்டுல குடுத்தா பூ குடுப்பாங்களாங்க?"ன்னாரு. பச்சை டேக் மொத்தமும் சிரிச்சு ஆர்ப்பாட்டம்.

ஆனா அந்த பொண்ணு சொன்ன பதிலும் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. சார், எனக்கும் கம்பெனிக்காரங்க காசுக்கு பதிலா லிப்ஸ்டிக்குதான் அனுப்புறாங்க, லிப்ஸ்டிக்க வச்சு என்னால இஎம்ஐ கட்ட முடியல, ராத்திரி முழுக்க எடிட் பண்றது எனக்கும் வேலைதான்னு. அதுக்கப்புறம் சிரிப்பு அடங்கிருச்சு. அந்தப் பொண்ணுக்கு லிப்ஸ்டிக், எனக்கு ரீச், ரெண்டு பேருக்கும் காசு மட்டும் வரல.

இதுக்கு நடுவுல ஒரு ஆடிட்டரும் ஒரு வக்கீலும் வந்து பேசினாங்க, அவங்களுக்கு குடுத்த நேரம் ரொம்ப கம்மி, எனக்கு கேட்டா காலையில கலர் டிரெண்ட தூக்கிட்டு இவங்களையே பேச விட்டிருக்கலாம். ஃப்ரீயா வாங்கிட்டு ரீல் போட்டாலும் அது விளம்பரம்தான், அத வீடியோவுலயே சொல்லணும்னு விளம்பரத் தர கவுன்சில் 2021லயே விதி போட்டிருக்கு, 2023ல மத்திய அரசும் அதையே சொல்லிருச்சாம். காசா குடுக்காம பொருளா சேவையா குடுத்தாலும், வருஷத்துக்கு 20,000 ரூபாய தாண்டினா குடுக்கிறவங்க 10 சதவீதம் வரிய முன்னாடியே, அதான் டிடிஎஸ், பிடிக்கணும்ங்கிற சட்டம் 2022 ஜூலைல வந்துச்சு, நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு அதுல விலக்கு உண்டு, பெரிய கம்பெனிக்குதான்னு ஆடிட்டர் சொன்னதும் பாதி பேரு மூச்சு விட்டாங்க. கல்யாணத்துல பாட்டு போட லைசென்ஸ் வேணாம், பதிப்புரிமை சட்டத்துலயே விலக்கு இருக்கு, ஆனா அந்த விலக்கு கல்யாணத்துக்கும் அத சேர்ந்த விசேஷத்துக்கும்தான், பர்த்டே பார்ட்டின்னு அதுல எழுதலன்னு வக்கீல் சொன்னாரு. டிஜே வச்சிருக்கவங்க எல்லாம் நோட்டு எடுத்து எழுதினாங்க.

அதுக்கு அடுத்து அந்த வக்கீல் சொன்னதுதான் எனக்கு இன்னும் மண்டையில ஓடிட்டே இருக்கு. யாரு காசு குடுத்து போட்டோ எடுக்க சொன்னாங்களோ, வேற ஒப்பந்தம் இல்லேன்னா அந்த போட்டோ அவங்களுக்குத்தான் சொந்தம், அதே பதிப்புரிமை சட்டத்துல பிரிவு 17. அப்ப கல்யாண வீட்டுக்காரங்க வச்ச போட்டோகிராபர் எடுத்த படம் கல்யாண வீட்டுக்காரங்களோடது. நான் ராத்திரியெல்லாம் ஏணியில நின்னு கட்டுன மேடை படத்துல முழுசா இருந்தாலும் படம் என்னோடது இல்ல. போட்டோகிராபர் தம்பி கிட்ட ஒரு காப்பி குடுப்பான்னு வாங்கி பேஜுல போடுறோமே, அது கூட அந்த வீட்டுக்காரங்க சம்மதத்துலதான் நிக்குது.

யோசிச்சு பாருங்க, தச்சர் ஒரு நாற்காலி பண்ணா நாப்பது வருஷம் இருக்கும், என் ஃப்ரெண்டு கேக்க கூட நாலு பேரு சாப்பிட்டு ருசிய ஊருல சொல்லுவாங்க. எங்க வேலை விடியக்காலம் முடியும், ஒன்பது மணிக்கு முகூர்த்தம் முடியும், பதினொண்ணுக்கு அடுத்த பார்ட்டிக்காரன் லாரிய வாசல்ல நிறுத்திட்டு கழட்டுங்கக்கா கழட்டுங்கக்கானு நிப்பான். நாலு மணி நேரம். அதுக்கு அப்புறம் பூ குப்பைக்கு, துணி லாண்டரிக்கு, மிஞ்சுறது போட்டோ ஒண்ணுதான். அந்த போட்டோவ வச்சுத்தான் அடுத்த ஆர்டர். அதனாலதான் இந்த தொழில்ல இவ்வளவு போட்டோ திருட்டு, ஊருல ஒருத்தர் பண்ண மேடைய இன்னொருத்தர் என் வேலைனு காட்டி அட்வான்ஸ் வாங்குறாரு, கேட்டா பின்ட்ரெஸ்ட்னு படம் போடுற சைட்ல கிடைச்சுச்சுங்குறாரு.

வந்ததும் கொட்டேஷன்ல ஒரு வரி சேர்த்தேன், ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி மேடைய மட்டும் நாங்க போட்டோ எடுத்துக்குவோம், வீட்டு ஆளுங்க முகம் வராது, சம்மதம் இல்லேன்னா எடுக்க மாட்டோம்னு. எழுதுறது ஈஸி. மேடை ரெடியாகி லைட்டு போட்டு ஆளு வர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் வேணும்னா பசங்கள இன்னும் சீக்கிரம் வர சொல்லணும், அவங்களுக்கு கூட சம்பளம், பூவ சீக்கிரம் கட்டினா சீக்கிரம் வாடும், ஹால்ல ஏசி பங்ஷன் டயத்துக்குத்தான் போடுவாங்க, முன்னாடி போட்டா மணிக்கு இவ்வளவுனு தனி பில்லு. அதனால செவ்வந்தி, ரோஸ் எல்லாம் முதல்ல, மல்லிச்சரத்த கடைசியாத்தான் தொங்க விடுறேன். மல்லி குளிர் காலத்துல கிலோ ஆயிரக்கணக்குல போகும்போது அத வாட விட்டு போட்டோ எடுக்கிறதுல அர்த்தம் இல்ல. தாலி கட்டுற இடத்துக்கு பின்னாடி நிக்கிற சரம் ஃப்ரெஷ்ஷா இருந்தா போதும்.

பெரும்பாலான வீட்டுல அந்த வரிக்கு சரிம்மா எடுத்துக்கன்னுதான் சொன்னாங்க. திருமங்கலம் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழா, அந்த பொண்ணோட அம்மா மட்டும் வேணாம்னாங்க. மேடை, பேனர், பேரு போட்ட போர்டு எதுவும் நெட்ல வரக்கூடாது, என் மக காலேஜ் போகும்போது எவனாவது தேடி எடுத்து காட்டி கேலி பண்ணுவான்னாங்க. நியாயம்தான். கான்பரன்ஸ்ல அத்தனை பேரு போட்டோ யாருக்கு சொந்தம்னு சண்டை போட்டாங்க, நடுவுல உக்காந்திருக்க பிள்ளைக்கு அது பிடிக்குமானு ஒருத்தரும் கேக்கல, நானும்தான் அங்க உக்காந்திருந்தேன். எத்தனை பேஜுல பாக்குறோம், வயசுக்கு வந்த பிள்ளைங்க முகத்த க்ளோசப்ல போட்டு அதுக்கு கீழ டெக்கரேஷனுக்கு அணுகவும்னு நம்பர்.

அந்த மேடைதான் இந்த வருஷம் நான் பண்ணதுலயே நல்லா வந்தது. தாய்மாமன் கட்டுற பச்சை ஓலைக் குச்சு வீட்டையே மேடையா பெருசா எடுத்து பண்ணிருந்தோம், தென்னை ஓலையில பின்னுன தட்டி, பனை ஓலைக் கிளி, நடுவுல ஒரு பலூன் கூட இல்ல. போன்ல கூட எடுக்கல. புதுசா கேட்டு வர்றவங்க கிட்ட வாயாலதான் சொல்றேன், ஓலை இப்படி வரும், கிளி இங்க தொங்கும்னு கைய ஆட்டி. ஒரு கஸ்டமர் கேட்ட உடனே சரின்னுட்டாங்க. இன்னொருத்தங்க அன்னைக்கு ராத்திரியே பின்ட்ரெஸ்ட்ல இருந்து யாரோ எங்கயோ பண்ண ஒரு ஓலை மேடை படத்த அனுப்பி, இந்த மாதிரியாம்மான்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட இந்த மாதிரிதாங்கன்னு சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டேன்.