நாராவின் பெரிய புத்தரும் ஒரு நீண்ட கயிறும்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டுப் படிப்புக்காக நான் கியோத்தோவுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் கோயிலுக்குப் போவது என்பது எனக்குப் படம் எடுத்துத் திரும்புவது என்றாகிவிட்டிருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், ஜப்பானிய அறைத்தோழியோடு கிந்தெட்சு ரயிலில் ஏறி, முக்கால் மணி நேரத்தில் நாராவில் இறங்கியபோதும் பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. அங்குள்ள மான்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கையிலிருந்த வரைபடத்தின் ஒரு மூலையை ஒரு மான் தின்றுவிட்டது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாயிலில் இரண்டு துவாரபாலகர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். உன்கெய், கைகெய் என்னும் சிற்பிகளின் தலைமையில் 1203-ல் அறுபத்தொன்பதே நாட்களில் செதுக்கப்பட்ட, எட்டு மீட்டருக்கும் மேல் உயரமான மரச் சிற்பங்கள் அவை. ஒருவர் வாய் திறந்திருக்கிறார், மற்றவர் வாய் மூடியிருக்கிறார். திறந்த வாயிலிருந்து ‘அ’ பிறக்கிறது, மூடிய வாயில் ‘உன்’ அடங்குகிறது, இரண்டும் சேர்ந்தால் ஓங்காரம் என்று தோழி விளக்கியபோது, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பெரிய புத்தர் மண்டபத்தின் வாசலில் தூபக்கலசத்துப் புகையை மேனியில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனால், சுமார் பதினைந்து மீட்டர் உயரத்தில் வெண்கல வைரோசன புத்தர் அமர்ந்திருக்கிறார். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. அவருக்குக் கண் திறந்தவர் ஓர் இந்தியர் என்பதை அங்கே வைத்துத்தான் தோழி சொன்னாள். இந்தியாவிலிருந்து சீனா சென்று, 736-ல் ஜப்பான் வந்து சேர்ந்த போதிசேனர் என்னும் பிக்கு, 752-ஆம் ஆண்டில், பதவி துறந்திருந்த சோமு பேரரசரும் அவர் மகள் கோக்கென் பேரரசியும் முன்னிலை வகிக்க, பெரிய தூரிகையொன்றால் இந்தத் திருமேனிக்குக் கண்மணி தீட்டினார். அந்தச் சடங்குக்கு ஜப்பானிய மொழியில் ‘கைகென்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கண் திறப்புதான். போதிசேனரை மதுரைக்காரர் என்று நம்மவர்கள் எழுதுவதுண்டு. எனக்கு அந்த உரிமை கொண்டாடல் தேவைப்படவில்லை, ஏனென்றால் தோழி அடுத்துச் சொன்ன செய்தியே போதுமானதாக இருந்தது.

அந்தத் தூரிகையில் நீண்ட நீலக் கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்ததாம். கீழே கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மேலே பிக்குவின் கை அசைந்தபோது, கயிறு தொட்ட அத்தனை பேருமே கண் திறந்தவர்கள் ஆனார்கள். சிறு வயதில் எங்கள் ஊர்க் கும்பாபிஷேகத்தில் யாகசாலைக் கும்பத்திலிருந்து கருவறை மூலவர் வரைக்கும் தர்ப்பைக் கயிறு கட்டியிருந்ததையும், நாடி சந்தானம் என்று குருக்கள் சொன்னதையும், கயிற்றில் கால் பட்டுவிடப் போகிறது என்று பாட்டி என் தோளைப் பிடித்து இழுத்ததையும் நினைத்துக்கொண்டேன். அங்கே கயிற்றின் வழியே மந்திர சக்தி சுவாமிக்குப் போகிறது. இங்கே கயிற்றின் வழியே புண்ணியம் மக்களிடம் வருகிறது. போகும் திசைதான் வேறு.

இன்று நாம் தரிசிக்கும் முகம் போதிசேனர் கண் திறந்த முகம் அன்று. 1180-லும் 1567-லும் போர்த் தீயில் மண்டபம் எரிந்து, தலை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் வார்க்கப்பட்டது. பீடத்துத் தாமரை இதழ்கள் போன்ற சில பகுதிகளில்தான் எட்டாம் நூற்றாண்டு வெண்கலம் எஞ்சியிருக்கிறது. ஆனால் அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. முதல் தீவிபத்துக்குப் பிறகு 1185-ல் மறுபடி கண் திறந்தபோது, பதவி துறந்திருந்த கோ-ஷிராகாவா பேரரசர் அதே தூரிகையைத்தான் கையில் எடுத்தார்.

மண்டபத்துக்கு வெளியே, சிவப்புத் துணி போர்த்திய ஒரு மரச் சிலை உட்கார்ந்திருக்கிறது. ‘பின்ஸுரு’ என்று அழைக்கப்படும் இவர் புத்தரின் சீடரான பிண்டோல பாரத்வாஜர். நமக்கு உடம்பில் எங்கே நோவோ, அவர் உடம்பில் அதே இடத்தைத் தடவிவிட்டு நம்மைத் தடவிக்கொண்டால் குணமாகும் என்பது நம்பிக்கை. வெயிலும் மழையும் வெடிப்பு விடச் செய்த மரத்தில், பலர் கை பட்ட முழங்கால் மட்டும் வழவழவென்றிருந்தது. ஒரு முதியவர் அதைத் தடவிவிட்டுத் தம் காலைத் தடவிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்று, அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொண்டு நானும் தடவினேன். அடுத்தவர் வலிக்காகத் தடவலாமா என்று தோழியிடம் கேட்டதற்கு, அவளுக்கும் தெரியவில்லை.

மாலையில் அதே வளாகத்து மேட்டிலுள்ள நிகட்சுதோ மண்டபத்துக்கு ஏறினோம். பெரிய புத்தருக்குக் கண் திறந்த அதே 752-ல் தொடங்கி, இடையில் இருமுறை மண்டபங்கள் எரிந்த காலத்திலும் ஓர் ஆண்டுகூட விடாமல் நடந்துவரும் வழிபாடு இங்கே மார்ச் முதல் இரண்டு வாரங்கள் நடக்கிறது. பதினொரு முகங்கள் கொண்ட கன்னோன் என்னும் கருணைப் போதிசத்துவர் முன்னிலையில் பதினொரு பிக்குகள் மக்கள் அனைவரின் பிழைகளுக்காகவும் மன்னிப்பு வேண்டுகிறார்கள். அந்த மூர்த்தியை வழிபடும் பிக்குகளே கண்ணால் கண்டதில்லை. கீழே உலகமே அண்ணாந்து பார்க்கும் புத்தர், மேலே யாருமே பாராத கன்னோன் என்பதை எண்ணியபோது, திரைக்குப் பின்னால் தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும் சிதம்பர ரகசியம் எனக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா?

ஏழு மணிக்கு விளக்குகளை அணைத்தார்கள். முழு மூங்கிலின் நுனியில் கட்டிய தீப்பந்தம் ஒன்று கூரையிட்ட படிகளில் ஏறி, மரத் தாழ்வாரத்தின் ஓரத்தில் நின்று சுழன்று, பின்னர் அதன் நீளம் முழுவதும் ஓடியது. பொறிகள் கீழே நின்ற எங்கள் மேல் மழையாக உதிர்ந்தன. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பந்தங்கள் வந்தன. கூட்டம் கலைந்ததும், பலர் குனிந்து, கருகிய இலைத் துணுக்குகளைத் தேடி எடுத்துக் காகிதத்தில் மடித்தார்கள். வீட்டில் வைத்தால் தீவினை அண்டாதாம். எனக்கு விரல் நீளத் தேவதாரு இலைக் கொத்து ஒன்று கிடைத்தது. ஊரிலிருந்து வரும்போது அம்மா கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அதற்குள்ளேயே வைத்து மடித்துக்கொண்டேன். திரும்பும் ரயிலில் எங்கள் இருவர் தலைமுடியிலும் புகை மணத்தது.