தேவ்னார் நாட்குறிப்பு: சாதனைப் பட்டியல்

ஜூலை 8, 2024, திங்கள்

நள்ளிரவு தாண்டி ஆரம்பித்த மழை விடிந்த பிறகும் விடவில்லை. மும்பை ஹார்பர் லைனில் ரயில் ஓடாததால் கோவண்டி ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வருகிறவர்களே இல்லை. ஹாஸ்டலில் இருக்கிற நாங்கள் மட்டும் நூலகத்தில் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் படிக்கிற சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் (ஐ.ஐ.பி.எஸ்.) ஆண்டறிக்கையில் 'ஆசிரியர், மாணவர் சாதனைகள்' பகுதிக்கு விவரம் திரட்டும் வேலை எங்கள் சிலரிடம் வந்திருக்கிறது. எக்செல் ஷீட்டில் ஏற்கெனவே நிறைய வரிகள்: வெளியான பேப்பர்கள், மாநாட்டில் வாசித்தவை, முனைவர் பட்டங்கள், வெளிநாட்டு ஃபெலோஷிப். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ தூக்கம் கெட்டிருக்கிறார்கள். ஒடிசாத் தோழியின் முதல் பேப்பர் ஜர்னலிலிருந்து திருத்தச் சொல்லித் திரும்பித் திரும்பி வந்து கடைசியில் ஏற்கப்பட்டது. அந்த வரியை நானே டைப் செய்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் பட்டியலை மேலிருந்து கீழே படித்தபோது ஒரு குறை உறுத்தியது. இந்த நிறுவனம் 1956-ல் இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் சபை, டாடா அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து தொடங்கியது. ஆசிய நாடுகளுக்கெல்லாம் மக்கள்தொகை ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கவே உருவான இடம். 1985-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நாட்டின் குடும்பநலக் கணக்கெடுப்பு முழுவதும் 1992-93 முதல் இங்கிருந்துதான் நடக்கிறது. அந்தத் தரவு இல்லாமல் எங்கள் பட்டியலில் பாதிப் பேப்பர் இருக்காது. அதைச் சேகரித்தவர்களுக்குப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே ஒரு பழைய கட்டுரையோடு போனது. 1949-ல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஜர்னலில் வந்தது. எழுதியவர்கள் சி. சந்திரசேகரனும் டெமிங்கும். பிற்பாடு ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு கற்றுக்கொடுத்தாரே, அதே டெமிங். சந்திரசேகரன் எங்கள் நிறுவனத்தின் ஆரம்ப ஆண்டுகளில் இயக்குநராக இருந்தவர், உலக மக்கள்தொகை ஆய்வாளர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனவர். (1967-ல் மத்திய அமைச்சரான எஸ். சந்திரசேகர் வேறு ஆள். அவரும் மக்கள்தொகை ஆய்வாளர்தான், சென்னையில் தனியாக ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கியவர். இணையத்தில் இருவரையும் ஒருவராக்கி எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.)

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் 1947-ல் நடந்த கணக்கெடுப்பு அந்தக் கட்டுரைக்கு அடிப்படை. கேள்வி எளிதானது. ஓர் ஊரில் ஒரு வருஷத்தில் எத்தனை குழந்தை பிறந்தது? பதிவாளர் ஏட்டில் ஒரு பட்டியல். வீடு வீடாகப் போய்க் கேட்டவரிடம் இன்னொரு பட்டியல். இரண்டிலும் விடுபட்டவை உண்டு.

நோட்டில் நானே ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தேன். பெயர் பெயராகப் பொருத்தியதில் இரண்டு பட்டியலிலும் இருப்பவை 80. ஏட்டில் மட்டும் 10. வீட்டுக் கணக்கில் மட்டும் 16. ஆக, தெரிந்தவை 106. யார் கண்ணிலும் படாதவை? வீட்டுக்கு வீடு போனவர் கண்ட 96 குழந்தைகளில் ஏட்டில் ஏறியவை 80, அதாவது ஆறில் ஐந்து. ஏடு ஆறில் ஐந்து பங்குதான் பிடிக்கிறது என்றால், அதிலுள்ள 90 பேர் மொத்தத்தில் ஆறில் ஐந்து. மொத்தம் 108. இரண்டு குழந்தைகள் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் இருக்கிறார்கள். குளத்தில் மீன் பிடித்துக் குறியிட்டு விட்டுவிட்டு, மறுபடி வலை போட்டு மொத்த மீனைக் கணிப்பார்களே, அதே கணக்கு.

இதற்கு மேல் போனதுதான் அந்தக் கட்டுரையின் பெருமை. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் கணக்கு சரிவரும். பிறந்த சில நாளில் இறந்துபோன குழந்தையை ஏட்டிலும் பதிய மாட்டார்கள், கேட்க வருகிறவரிடமும் சொல்ல மாட்டார்கள். அப்போது விடுபட்டவை நாம் நினைப்பதைவிட அதிகம். இதைத் தெரிந்துதான், ஊரைச் சிறு சிறு பிரிவாக்கித் தனித்தனியே கணக்குப் போட்டுக் கூட்டச் சொன்னார்கள்.

1969-70-லிருந்து நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த பகுதிகளில் நடக்கிற மாதிரிப் பதிவு முறை இந்த வழியில் வந்ததுதான். உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து கேட்பார். இரண்டையும் பொருத்துவார்கள், பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் திரும்ப அந்த வீட்டுக்குப் போவார்கள். இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 1971-ல் 129 குழந்தை ஒரு வயதுக்குள் இறந்தது, 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13 என்று நாம் தைரியமாகச் சொல்கிறோம் என்றால், இப்படித் திரும்பப் போகிறவர்கள் இருப்பதால்.

ஜூலை 10, புதன்

கைடிடம் பேசினேன். சாதனைப் பகுதியில் தரவுக்கென்று ஒரு பக்கம் வேண்டும் என்றேன். ஆண்டறிக்கை அந்த ஆண்டில் நடந்ததைச் சொல்வதற்கு, வரலாற்றுக்கு வேறு இடம் இருக்கிறது என்றார். நியாயம்தான். ஆனால் களத்தில் கேட்பவர்களின் வேலை வரலாறு இல்லையே, ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதானே என்று கேட்டேன். எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

ஜூலை 11, வியாழன்

உலக மக்கள்தொகை தினம். 1987 இதே நாளில் உலக மக்கள்தொகை ஐந்நூறு கோடியைத் தொட்டதாகக் கணக்கு, அதை வைத்து வந்த தினம். முதலாண்டுப் பிள்ளைகள் வரைந்த போஸ்டர்களில் பாதியில் நெரிசலான பேருந்து. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, நாட்டுக்கே 2.0 என்று ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்லி வருஷங்கள் ஆகின்றன. முதல் கணக்கெடுப்பில் நாட்டுக்கு 3.4. இன்னும் பேருந்தையே வரைந்துகொண்டிருந்தால் எப்படி? முதியோரைப் பற்றி ஒரு போஸ்டர்கூட இல்லாதது எனக்கு வருத்தம். 45 வயதுக்கு மேற்பட்ட 72 ஆயிரத்துச் சொச்சம் பேரை 2017-18-ல் கேட்டு எழுதிய லாசி என்ற முதுமை ஆய்வும் இங்கிருந்து நடந்ததுதான், அமெரிக்காவின் ஹார்வர்டு, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து.

மாலையில் விருதுநகர் பக்கத்து அக்கா ஒருவரோடு வெகுநேரம் போனில் பேசினேன். ஐந்தாவது கணக்கெடுப்பில் களப்பணியாளராகப் போனவர். தமிழ்நாட்டில் அந்த வேலை 2020 மார்ச்சில் ஊரடங்கால் பாதியில் நின்று, டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அவர் சொன்னதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"கதவத் தட்டுனா மொதக் கேள்வி, 'ரேசன் கார்டு விசயமா வந்தீகளா?' அத இல்லைன்னு புரிய வைக்கவே பத்து நிமிசம். கொரோனாவுக்கு அப்புறம் விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம்னா, அவ்வளவுதான், கதவச் சாத்திருவாக. ரத்தசோகை இருக்கான்னு பாக்கத்தான் தாயீ, இப்பவே அளவு சொல்லிட்டுத்தான் போவேன்னு ஒக்காந்து பேசணும்."

வயது கேட்பதைப் பற்றி: "நாப்பது இருக்கும், நாப்பத்தஞ்சு இருக்கும்னுதான் சொல்லுவாக. நான் விட மாட்டேன். எம்.ஜி.ஆர். செத்தப்ப எந்த வகுப்புக்கா படிச்சீக? சுனாமி வந்தப்ப மூத்தவன் நடந்தானா? அப்படியே புடிச்சுப் புடிச்சு வருசத்துக்கு வந்துருவேன்."

வகுப்பில் 0-விலும் 5-லும் வயதுகள் குவிந்து கிடக்கிற வரைபடத்தைக் காட்டி, விப்பிள் குறியீடு 100 என்றால் குவியலே இல்லை, 500 என்றால் எல்லா வயதும் குவியல் என்று படிக்கிறோம். அந்தக் குவியலைக் கரைக்கிற கை இவருடையது.

கணவன் அடிப்பதுண்டா என்ற கேள்விகளைப் பற்றியும் கேட்டேன். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் அதைக் கேட்க வேண்டும், பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும் என்பது விதி. "மாமியா பக்கத்துலயே ஒக்காந்திருந்தா அத எடுக்கவே மாட்டேன். நம்ம எழுதிட்டு வந்துருவோம், அவுக அந்த வீட்டுலல்ல இருக்கணும்."

இன்னொன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தடுப்பூசி, வயிற்றுப்போக்கு, தாய்ப்பால் என்று கேள்விகள் நீளும். குழந்தையின் பிறந்த வருஷத்தை ஒன்று முன்னதாக எழுதிவிட்டால் குழந்தை அந்த வயதைத் தாண்டிவிடும், வேலை குறையும். பல நாட்டுச் சர்வேக்களில் அந்த எல்லை வருஷத்தில் பிறப்புகள் திடீரென்று குறைந்து, அதற்கு முந்தைய வருஷத்தில் ஏறியிருப்பதைப் பார்த்தால் யாரோ களத்தில் களைத்துப்போனது தெரியும். அக்கா தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் தேதி எழுதுவாராம்.

ஜூலை 12, வெள்ளி

நேபாள மாணவரின் வைவா. நன்றாகவே சமாளித்தார். பட்டியலில் ஒரு வரி கூடியது. மெஸ்ஸில் குலாப் ஜாமுன்.

ஜூலை 14, ஞாயிறு

செம்பூர் போய்க் காய்கறி வாங்கி வந்தேன். அம்மாவோடு போனில் பேசும்போது கே. ஸ்ரீநிவாசன் பெயர் வந்தது. 1978 முதல் 1992 வரை இங்கே இயக்குநராக இருந்தவர். அதற்கு முன் காந்திகிராமத்தில் ஆராய்ச்சி செய்தவர். எங்கள் வீடு சின்னாளபட்டி, காந்திகிராமம் நடந்து போகிற தூரம். 1960-களில் ஆத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகக் குடும்பநலப் பணியும் கணக்கெடுப்பும் சேர்ந்து நடந்தது அங்கிருந்துதான். "நோட்டோட வருவாங்கன்னு உங்க அப்பத்தா சொல்லும்" என்றாள் அம்மா. எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை இருக்கிறது என்று கேட்பார்களாம்.

இந்த இரண்டு கேள்வியையும் தாயின் வயதையும் வைத்து, பிறப்பு இறப்புப் பதிவே இல்லாத நாட்டிலும் குழந்தை இறப்பைக் கணிக்கலாம் என்று வழி சொன்னவர் வில்லியம் பிராஸ். அந்த முறையை முதல் செமஸ்டரில் படித்தபோது எனக்கு அது சூத்திரம் மட்டும்தான். அப்பத்தா நான்கு பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவள். அவள் சொன்ன பதில் ஏதோ ஓர் அட்டவணைக்குள் போயிருக்கும் என்று நினைக்க மனசு நிறைந்தது, கனத்தும் போனது.

ஜூலை 16, செவ்வாய்

எழுதியதைக் கைடு முழுதாகப் படித்தார். ஒரு பக்கம் கிடைக்கவில்லை, மூன்று பத்தி கிடைத்தது, அதுவும் பேப்பர் பட்டியலுக்கு முன்னால். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சந்திரசேகரன் கட்டுரைக்கு இரண்டு வரி. ஐந்தாவது கணக்கெடுப்பின் 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள் என்ற எண்ணிக்கை, அதைத் திரட்டியவர்கள் யார், எப்படிப் பயிற்சி பெற்றார்கள் என்ற விவரம். மாணவர் சாதனைகளில் இன்னொரு திருத்தமும் ஒப்புக்கொண்டார்: தரவைச் சரிபார்த்த மாணவர்கள், களப்பயிற்சிக்குக் கேள்வித்தாளைத் தங்கள் மொழியில் எளிமைப்படுத்திக் கொடுத்தவர்கள், பேப்பரில் பெயர் வராவிட்டாலும் பட்டியலில் வருவார்கள். ஒடிசாத் தோழிக்கு இப்போது இரண்டு வரி.

களப்பணியாளர் பகுதி தமிழ்நாட்டளவில் இன்னும் மெலிந்து இருக்கிறது. ஒரு அக்காவின் பேச்சு மட்டும் போதாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது குடும்பநலக் கணக்கெடுப்புக்கோ லாசிக்கோ வீடு வீடாகப் போயிருந்தால் எழுதுங்கள். எந்த மாவட்டம், எந்தக் கேள்வியில் வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள், வயதை எதை வைத்துப் பிடித்தீர்கள் என்பது வேண்டும். வீட்டுக்காரர் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் சேர்த்துவிடுவேன்.