கைப்பட்டை வந்து சேர்ந்த கதை

வெள்ளைக்கோல் இடுப்புக்குக் கீழே இருப்பதைத்தான் சொல்லும். நிறுத்தி வைத்திருந்த லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பியை என் நெற்றிதான் கண்டுபிடித்தது. வீக்கம் வடிவதற்குள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரே பொருள் இருந்தால் அதிர்ந்து சொல்லும் மீயொலிப் பட்டைக்கு விண்ணப்பித்துவிட்டேன். விண்ணப்பிக்க ஐந்து நிமிடம்தான். கைக்கு வர 4 மாதம்.

பட்டை தரும் அலுவலகத்துக்குப் போன முதல் பயணமே வீண். கவுன்டரில் இருந்தவர், “இவருக்குக் கோல் பயிற்சி முடிஞ்சுதா?” என்று என் தங்கையைக் கேட்டார். குரல் எந்தப் பக்கம் போகிறது என்று நமக்குத் தெரியாதா என்ன? “அவர்கிட்டயே கேளுங்க சார்” என்றாள் அவள். அடுத்த கேள்வியும் அவளிடமே: “கையெழுத்துப் போடுவாரா?”

கையெழுத்து போட்டேன். அப்புறம்தான், நடமாட்டப் பயிற்சி முடித்ததற்குப் பயிற்சியாளரின் கடிதம் வேண்டும் என்றார். பட்டியலிலேயே இருக்கிறதாம். இருந்ததுதான், ஆனால் பட்டியலை ஸ்கேன் செய்து படமாகப் போட்டிருந்தார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் என் திரைவாசிப்பான் அந்த இடத்தில் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தது. நீங்கள் விண்ணப்பித்தால், என்னென்ன தாள் வேண்டும் என்று போனில் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்புவது அதற்குப் பிறகுதான்.

பெட்டி வந்ததும் அடுத்த கூத்து. பட்டையை ஆப்புடன் இணைக்க ஒரு க்யூஆர் கோடு. உள்ளே நான்கு வழவழப்பான தாள்கள், தடவினால் எல்லாம் ஒன்றுதான். பார்வையற்றவருக்கென்று செய்த பொருளில் ஒரு மூலையை மடித்து வைத்திருக்கக் கூடாதா? தங்கை வேலைக்குப் போயிருந்தாள். 2015இல் தொடங்கிய பி மை ஐஸ் செயலியில் ஒரு தன்னார்வலரை வீடியோவில் கூப்பிட்டேன். “கொஞ்சம் இடது... தாளைத் திருப்புங்க... ஆ, அதேதான்.” இரண்டே நிமிடம்.

மறுநாள் வெளியே கட்டிக்கொண்டு போனால் பட்டை ஓயாமல் அதிர்கிறது. வெட்டவெளியில் நிற்கிறேன், சுவரில் மூக்கு உரசுவது போலத் துடிக்கிறது. உதவி எண்ணில் அரைமணி நேரம். “ரீசெட் பண்ணுங்க” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்து ஒட்டியே விட்டேன். பயிற்சியாளர் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். முழுக்கைச் சட்டையின் பட்டி சென்சார் மேல் விழுந்து கிடந்திருக்கிறது. பட்டை பாவம், துணியைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறது.

அவர் சொன்ன கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 2 மீட்டரில் உள்ள பொருளிலிருந்து எதிரொலி ஏறத்தாழ 12 மில்லிநொடியில் திரும்பும். பொருள் நெருங்க நெருங்க அதிர்வு வேகமாகும். ஆனால் சாய்வாக நிற்கும் கண்ணாடிக் கதவு ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும், தடித்த துணி விழுங்கிவிடும். நெரிசலில் பட்டை உணரும் தூரத்தைக் குறைத்து வைக்காவிட்டால் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதிரும். வழி சொல்லும் செயலியையும் சேர்த்துக் கேட்பதானால் காதை அடைக்காத ஹெட்போன்தான் வேண்டும், எலும்பு வழி ஒலி கடத்துகிற வகை. வண்டிச் சத்தத்தை இழந்தால் மற்றதெல்லாம் எதற்கு?

இவ்வளவும் கேட்ட பிறகும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பட்டைதான் இருக்கிறதே என்று கோலை வீட்டில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை போனேன். கீழே இறங்கும் படியைப் பட்டை சொல்லாது. முன்னால் பொருள் இருந்தால்தானே எதிரொலி வரும். பள்ளத்தில் என்ன இருக்கிறது? முழங்கால் தோல் உரிந்தது. அன்றிலிருந்து வலக்கையில் கோல், இடக்கையில் பட்டை.

போன வாரம் இடது மணிக்கட்டு துடித்தது. நின்றேன். கையை உயர்த்தினேன். நெற்றி உயரத்தில் யாரோ திறந்து போட்டிருந்த ஜன்னல் கதவு, அதன் கூர்மையான மூலை. மெதுவாகச் சாத்திவிட்டு நடந்தேன்.

நேற்று அந்த அலுவலகத்திலிருந்து பயனர் கருத்துப் படிவம் அனுப்பியிருந்தார்கள். திறந்தேன். “படம்” என்றது திரைவாசிப்பான்.