மூன்று புகைபோக்கி இருந்தால் மட்டும் அது எம்டன் ஆகிவிடாது

ஒரு பழைய அஞ்சலட்டையில் இருக்கும் போர்க்கப்பல் எது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

படத்தின் கீழே 'எஸ்.எம்.எஸ். எம்டன்' என்ற அச்சு. மூன்று புகைபோக்கிகள். விற்றவர் '1911' என்று போட்டிருந்தார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் என்று நம்பித்தான் வாங்கினேன். நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட கப்பல் அல்லவா, கை பரபரத்தது.

'எஸ்.எம்.எஸ்.' என்பது கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர் ஆண்ட காலத்தில் போர்க்கப்பல் பெயர்களுக்கு இட்ட முன்னொட்டு. ஆகவே 1925-இல் வந்த, இரண்டு புகைபோக்கி கொண்ட எம்டன் இது இல்லை. அதுவரை சரி.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சேகரிப்பாளரிடம் "இது 1914 எம்டன்தானே?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படிக் கேட்டதே தவறு. பெயரைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். அடுத்து ஓர் ஆவணக் காப்பகம். படிவம், கட்டணம், மூன்று வாரக் காத்திருப்பு. கடைசியில் வந்தது இரண்டே வரி: தங்கள் சேகரிப்பில் உள்ளவற்றுக்கு மட்டுமே பதில் தருவார்களாம். கட்டணம் வாங்குமுன் இதைச் சொல்லியிருக்கலாம்.

அன்றிரவுதான் அட்டையின் பின்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தபால்தலை இல்லை, மூலையில் 'ஃபெல்ட்போஸ்ட்' என்ற கையெழுத்து. போர்க்களத் தபால்! அமைதிக் காலமான 1911-இல் அது எப்படி வரும்? அங்கே எழுதியிருந்த தேதியை லென்ஸில் பார்த்தால், '11' என்று படித்ததில் கடைசி எண்ணின் நடுவே மங்கிய குறுக்குக்கோடு. அது 7. ஜெர்மானியர்களின் ஒன்றும் ஏழும் இப்படித்தான் ஏமாற்றும்.

ஆனால் 1917-இல் அனுப்பியதால் மட்டும் எதுவும் முடிவாகாது. 1914-இலேயே அழிந்த கப்பலின் படத்தை யாரும் பிறகு அனுப்பலாமே. படத்தில்தான் விடை இருக்க வேண்டும். நல்லவேளையாக இது நிஜப் புகைப்பட அட்டை. அச்சடித்ததென்றால் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து முன்முனையைப் பெரிதாக்கினேன். பழைய எம்டனுக்கு முன்முனை நீர்மட்டத்தருகே முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். இதில் அந்தத் துருத்தலே இல்லை. அதோடு, நுனி அகன்ற நான்கு கைகளுடன் ஒரு சிலுவை!

இரும்புச் சிலுவை, ஜெர்மானியரின் போர்ப் பதக்கம். பழைய எம்டனின் நினைவாக அதே பெயரில் 1916-இல் பணியில் சேர்ந்த கப்பல் தாங்கிய சின்னம் அது. அதற்கும் மூன்று புகைபோக்கிகள்தான். 1919-இல் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மன் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தபோது, தளபதி ராய்ட்டரின் கொடி பறந்தது இந்த எம்டனில்தான். கிடைத்தது நான் தேடியது அல்ல, ஆனாலும் அன்று தூக்கம் வரவில்லை.

விற்றவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அதே படத்தின் இன்னொரு அட்டை அவரிடம் விற்பனைக்கு இருக்கிறது. இன்னமும் '1911' என்றே போட்டிருக்கிறார். வாங்க நினைப்பவர்கள் முதலில் முன்முனையைப் பாருங்கள், பின்பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.