‘எத்தனை ரிக்டராம்?’

நில அதிர்வு பற்றிய செய்தி வந்தால் எங்கள் வீட்டில் அப்பா கேட்கும் முதற்கேள்வி, “எத்தனை ரிக்டராம்?” என்பதுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்ததன் பருமன் 9.1, ஆனால் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தள்ளி, திருகோணமலை உப்புவெளியில் இருந்த எங்கள் வீட்டில் தேநீர்க் கோப்பைகூட அசைந்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. கடல் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பருமன், நிலத்தடிப் பாறையில் ஏற்பட்ட பிளவு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் ஒற்றை எண். நம் காலடி நிலம் எவ்வளவு குலுங்கியது என்பதற்கு அளவு வேறு. அதைப் பெரும்பாலும் நிலத்தின் ஆர்முடுகலாகவே, அதாவது அதன் வேகம் மாறும் வீதமாகவே, கருவிகள் பதிகின்றன.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தங்கையின் மகனோடு, கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தி, அதிலுள்ள ஆர்முடுகல்மானியைக் காட்டும் செயலியைத் திறந்தேன். அசையாமல் கிடந்தபோதே, புவியீர்ப்பினால், செக்கன் வர்க்கத்துக்கு 9.8 மீற்றர் என்று காட்டியது. அவன் விரலால் மேசையைத் தட்டியதும் கோடு துள்ளி 11.5ஐத் தொட்டது, புவியீர்ப்பைக் கழித்தால் 1.7. “மாமா, வீடு இடிஞ்சிருக்க வேணுமே!” என்று சிரித்தான்.

விளையாட்டாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. 1985 செப்டெம்பர் 19 அன்று மெக்சிக்கோ நகரில், பழைய ஏரிப்படுகையின் மென்களிமண்ணில் பதிவான உச்ச ஆர்முடுகலும் ஏறத்தாழ அதே 1.7தான், அதிர்வின் மையமோ 350 கிலோமீற்றருக்கும் அப்பால், பசிபிக் கரையோரம். விரற்தட்டு செக்கனின் நூறிலொரு பங்களவில் ஓய்ந்துவிடுகிறது. அந்தக் களிமண்ணோ ஏறத்தாழ இரண்டு செக்கனுக்கொரு தடவையாகத் திரும்பத் திரும்ப ஆடியது. அதே தாளத்தில் ஆடும் இயல்புள்ள, பத்து மாடியை ஒட்டிய உயரமுடைய கட்டடங்கள், சரியான கணத்தில் உந்தப்படும் ஊஞ்சலைப் போல வீச்சுக் கூடிச் சரிந்தன. ஆகவே உச்சத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓர் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரமான அலைவுகாலத்தையும், ஆட்டத்தின் நீடிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே நகரின் பாறைப் பகுதியில் பதிவானது அதில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்குதான். இதனால்தான் 1995 கோபே நில அதிர்வின் அழிவுக்குப் பின் யப்பான், சுமார் 20 கிலோமீற்றருக்கு ஒன்றாக ஆயிரம் கருவிகளை நாடெங்கும் நிறுவியது.

இதைக் கேட்டவன், கோணேசர் மலைப் பாறையிலும் எங்கள் உப்புவெளி மணலிலும் கைபேசியை வைத்து ஒப்பிடலாம் என்றான். சிறிய அதிர்வுகளை விடக் கைபேசியின் சொந்த இரைச்சலே, அதாவது அசையாதபோதும் அளவீட்டில் தெரியும் தடுமாற்றமே, பெரிதென்று சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது, அதை முழுமையாக மின்னேற்றி எடுத்துக்கொண்டுதான் வந்தான்.